தகவல் தெரிவிக்க வேண்டியவர்

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறரை வரை சமையலறை மேசையில் எழுதுவாள். அதற்குப் பிறகு அந்த மேசை காய் நறுக்குவதற்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொண்டே இருபத்திரண்டு வருடங்களில் ஏழு நாவல்கள் எழுதி முடித்திருந்தாள். எட்டாவது, கடைசி அத்தியாயம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

பத்து மணிக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அங்கே அவள் தட்டச்சர். கூண்டில் நிற்பவர் சொல்வதைச் சொன்னபடியே அடிக்க வேண்டும். அவர் வாயிலிருந்து வராத ஒரு சொல் தாளில் ஏறக்கூடாது. ஐந்தரை மணிக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, விரல்கள் வேறு யாருடையவோ போல மரத்திருக்கும். ஐம்பத்திரண்டு வயது. கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரே மகள், நர்சிங் கடைசி வருடம்.

இதற்கு நடுவில் காடு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்வாள். மூன்றாவது நாவலில் கேள்விப்பட்டதை வைத்து ஒரு மலைக்காட்டை எழுதியிருந்தாள். படித்துவிட்டு ஒரு வனக்காவலர் எழுதியிருந்தார்: ‘அம்மா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற மரம் அந்த உயரத்தில் முளைக்கவே முளைக்காது.’ ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வருடமே பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பார்த்தாள்; மரம் இல்லைதான். அதிலிருந்து பதினெட்டு வருடமாக, ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்து நாள்.

அந்த ஐந்து நாள் நடக்க வீட்டில் பத்து நாள் நடக்க வேண்டியிருந்தது. துணி துவைத்து, மாவும் பொடியும் அரைத்து, டப்பாக்களில் நாள் எழுதி ஒட்டி, பால்காரர் தொடங்கிக் குடிநீர் கேன்காரர் வரை எல்லோருக்கும் சொல்லிவைத்து, கிளம்பும் காலையில் அவளுக்குக் காட்டைவிடப் பேருந்தில் தூங்குவதுதான் பெரிதாகத் தெரியும். கீழ் போர்ஷனில் இருக்கும் நாத்தனார் படியிறங்கும்போது தவறாமல் கேட்பாள், அம்மா வீட்டுக்குக் கிளம்பியாச்சா என்று. தனக்குத் தெரிந்து பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் அட்டைக்கடியோடு திரும்பியதில்லை என்பாள்.

காட்டின் வாசலில் ஓர் அலுவலகம். அங்கே ஒரு படிவம் கொடுக்காமல் உள்ளே விட மாட்டார்கள். போகும் வழி, திரும்பும் நாள், திரும்பும் நேரம். அதற்குக் கீழே ‘தகவல் தெரிவிக்க வேண்டியவர்’ என்று ஒரு கட்டம். அதில் ரத்த உறவோ கல்யாண உறவோ உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் அவருக்குத்தான் போன் போகும். பதினேழு வருடம் அந்தக் கட்டத்தில் கணவர் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கக்கூட மாட்டார். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு போட்டுவிடுவார்.

பதினெட்டாவது வருடம், அதாவது இந்த வருடம், படிவம் மூன்று நாளாக மேசையில் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் கிடந்தது.

“இன்னும் போடலயா?” என்றாள்.

“வேற யாரையாவது கேளு,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் இருந்து வந்த களைப்பில் எதைச் சொல்வாரோ அந்தக் குரலில்தான் சொன்னார்.

அவளுக்கு இந்த வருடம் போயே ஆக வேண்டியிருந்தது. எட்டாவது நாவலில் நில அளவைக்காரி ஒருத்தி தனியாக மலையேறுகிறாள். கடைசியில் மேல் ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஏரிக்குப் போன வருடமே புறப்பட்டாள். வழியில் ஓடையில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுபோய், ஏரியையும் பார்க்காமல், ஐந்தாம் நாள் மாலை இறங்க வேண்டியவள் ஏழாம் நாள் காலையில் இறங்கினாள். இருபது அத்தியாயம் அச்சுக்கோத்து வந்தாகிவிட்டது. பதிப்பாளர் வாரம் இரண்டு முறை போன் செய்தார். இடது முழங்கால் வேறு. ஏறுவதென்றால் இந்த வருடம் ஏறிவிடுங்கள், அடுத்த வருடத்துக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகளுக்குப் போன் செய்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பா போடாததைத் தானும் போட மாட்டேன் என்றாள். போன வருடம் அவர் அந்த அலுவலகத்து பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தபோது மாற்றுத்துணி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

“நீ இறங்கி வந்தப்புறம் இருந்த மூஞ்சியத்தாம்மா பாத்த. அதுக்கு முன்னாடி இருந்தத நான் பாத்தேன்.”

என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, அவரையே கேள் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அவள் அவரைக் கேட்கவில்லை. இறங்கி வந்த காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, வந்துட்டியா என்று கேட்டு, பையை வாங்கிக்கொண்டார். பேருந்தில் ஒரு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அலட்டிக்கொள்ளாத மனிதர் என்று அவள் நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதியில் நில அளவைக்காரியின் கணவனுக்கும் ஒரு வரி எழுதினாள்: ‘அவன் அலுவலக வாசலில் அமைதியாகக் காத்திருந்தான்.’

அச்சுப்படி வந்தால் முதலில் பார்ப்பவர் அவர்தான். லென்ஸ் தேய்க்கிற கண்; ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டைப் பிரித்துத் திருத்தங்களைச் சேர்க்கும்போதுதான் பதினாறாம் அத்தியாயத்தில் அந்த வரியைப் பார்த்தாள். ‘அமைதியாக’ என்பதன் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

“இது என்னங்க, எழுத்துப்பிழையா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“ஓடையில அட்டை கடிக்கறத நாலு பக்கம் எழுதியிருக்க. நல்லா இருக்கு,” என்றார் அவர். “அவன ஒரே வரியில முடிச்சுட்ட. அதான், தெரிஞ்சுதான் எழுதினியான்னு போட்டு வெச்சேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு அதை யோசிக்க நேரமில்லை. படிவத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. கீழே போய் நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். ரத்த உறவோ கல்யாண உறவோ என்று இருந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி.

“குடு, நான் போடறேன். அவங்க போன் பண்ணி உங்க தம்பி பொண்டாட்டிய இன்னும் காணோம்னா, பரவால்ல, அவசரமில்ல, கெடைக்கும்போது அனுப்புங்கன்னு சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டுப் போட்டும் கொடுத்தாள். ஆக, போவதற்கு இப்போது ஒரு தடையும் இல்லை. அவள் மாடிக்கு வந்து பையை எடுத்து, காலுறைகளை ஜோடி சேர்த்தாள். அவர் பார்த்தார். படிவத்தையும் பார்த்தார். சட்டைக்கு இஸ்திரி போடப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஒரு சாட்சி வரவில்லை. நீதிமன்றம் மதியமே கலைந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறியவள் இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கி, அவருடைய கடைக்கு நடந்தாள். முன்பக்கம் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரிகள். பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் கைகளை விரித்தால் சுவரில் முட்டும் அறை. சுழலும் சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு லென்ஸின் விளிம்பை அதில் கொடுத்துக்கொண்டிருந்தார். கை முழுக்க வெள்ளைச் சேறு. உட்கார இடமில்லாததால் அவள் அட்டைப்பெட்டிகளின் மேல் சாய்ந்து நின்றாள்.

“அந்த ரெண்டு நாள் என்ன பண்ணீங்க?”

எந்த இரண்டு நாள் என்று அவர் கேட்கவில்லை. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் சக்கரத்தில் வைத்தார்.

“மொத நாள் ஒண்ணுமில்ல. டீ குடிச்சேன். ரெண்டாம் நாள் காலையில அந்த கிளார்க் ஒரு தாள் எடுத்துட்டு வந்தான். தேடப் போறவங்களுக்குக் குடுக்கணுமாம். என்ன கலர் சட்டைன்னான். தெரியலன்னேன். உடம்புல அடையாளம் கேட்டான். முழங்கால்ல தழும்பு இருக்குன்னேன். எந்தக் கால்னான்.”

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“வலதுன்னேன். எழுதிக்கிட்டான். வெளிய வந்து மூஞ்சி கழுவும்போது இடதோன்னு தோணுச்சு. திரும்பப் போய் இடதுன்னு மாத்தச் சொன்னேன். அடிச்சிட்டு எழுதினான். பெஞ்சில உக்காந்தா மறுபடியும் வலதுன்னு தோணுது. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. மூணாவது தடவ போய்ச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. தப்பான காலச் சொல்லிட்டேன், அதனாலயே அடையாளம் தெரியாமப் போயிடும்னு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன்.”

வெளியே யாரோ கண்ணாடி தயாரா என்று கேட்டார்கள். அரை மணி நேரம் ஆகும் என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“எந்தக் கால்?” என்றார் பிறகு.

“இடது.”

“அப்ப ரெண்டாவது சொன்னதுதான் சரி.” கையைத் துணியில் துடைத்தார். “இத எழுதிடாத.”

“எழுதல.”

கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். நாத்தனார் கையெழுத்துப் போட்டதை நான்காக மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிவைத்திருந்த இன்னொன்றை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை முதல் வரியிலிருந்து வாசித்தார். பதினெட்டு வருடத்தில் முதல் முறை.

“மூணு நாள்,” என்றார்.

“மூணு நாள்ல ஏரிக்குப் போக முடியாதுங்க.”

“தெரியும். அஞ்சு நாளும் அந்த போனப் பாத்துட்டே என்னால உக்கார முடியாது. மூணு முடியும்.”

நாலு என்று கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்றும் பயமாக இருந்தது. மூன்று என்று எழுதி, திரும்பும் நேரம் மாலை நான்கு என்று அவளே போட்டாள். அவர் கையெழுத்திட்ட இடத்தில் வெள்ளைச் சேறு ஒட்டியது.

அவளோடு வழக்கமாக வருவது இரண்டு பேர்: வழிகாட்டியான நெட்டை, மருந்துக்கடைக்காரம்மா. மூன்று நாள்தான் என்றதும் மருந்துக்கடைக்காரம்மா, இதற்கு நான் புது ஷூ வாங்கியிருக்கவே வேண்டாம் என்றாள். ஆனால் அவளுக்கும் இடுப்புவலி, உள்ளுக்குள் சந்தோஷம்தான். நெட்டைக்குக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் மதியம் அவர்களை மலையின் தோள்வரை ஏற்றிவிட்டான். காற்று ஆளைத் தள்ளியது. கீழே காடு முழுவதும் மேகத்துக்குள் இருந்தது.

“ஏரி அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தான்க்கா. நாலு மணி நேரம். இன்னிக்கு சாயங்காலம் பாத்துடலாம். ஒரு நாள் லேட்டாகும், அவ்வளவுதானே. கேட்ல இருக்கறவன் நம்ம ஆளு. நான் பேசிக்கறேன்.”

அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினாள். முழங்கால் வீங்கியிருந்தது, ஆனால் நடக்க முடியாத வீக்கமில்லை. நாலு மணி நேரம் நடந்திருப்பாள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த ஏரியை யோசித்திருந்தாள். தண்ணீர் எந்த நிறம், கரையில் புல்லா கல்லா, எதுவுமே தெரியாது. மேட்டைப் பார்த்தாள். சாதாரண மேடு, அங்கங்கே புல். நம்ம ஆளு என்று நெட்டை சொல்கிற அந்தக் கிளார்க் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வருவது கண்ணில் வந்தது. அதை விரட்டினாள், போகவில்லை.

“திரும்பிடலாம்,” என்றாள்.

“இவ்வளவு தூரம் வந்துட்டு யாராவது திரும்புவாங்களா?”

“நான் திரும்பறேன்ல.”

ஷூவை மாட்டிக் கயிற்றைக் கட்டும்போது இரண்டு முறை தவறாகக் கட்டினாள். எழுந்து மேட்டுக்கு முதுகைக் காட்டினாள். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் பதில் சொன்னது. மூன்றாம் நாள் இரண்டே முக்காலுக்கு அலுவலகத்தில் இருந்தார்கள். கிளார்க் பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டு, வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று போனைத் தள்ளினான். ஒன்பது தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார். பின்னால் சக்கரத்தின் சத்தம் நின்றது.

“வந்துட்டேன்,” என்றாள்.

“ம்,” என்றார். பிறகு யாருக்கோ, இதோ வரேன் என்றார். வைத்துவிட்டார்.

கடைசி அத்தியாயத்தை அவள் பன்னிரண்டு காலைகளில் எழுதினாள். நில அளவைக்காரி மலையின் தோளில் நிற்கிறாள்; ஏரி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது; கதை அங்கே நின்றுவிடுகிறது. பதிப்பாளர் போனில் வருத்தப்பட்டார். வாசகர்கள் ஏரிக்காக முன்னூறு பக்கம் நடந்து வருகிறார்களே, ஒரு பத்தியாவது கொடுக்கக்கூடாதா என்றார். பார்க்கவில்லை என்றாள். அவர் அதை உத்தி என்று எடுத்துக்கொண்டார். பதினாறாம் அத்தியாயத்தில் ‘அமைதியாக’வை மட்டும் எடுத்துவிட்டாள், அந்த இடத்தில் வேறு எதையும் போடவில்லை.

இரண்டாம் அச்சுப்படி வந்தது. கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேசையில் உட்கார்ந்து வாசித்தார். அவள் எதிரே காய் நறுக்கினாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அடுத்த பக்கம் இருக்கிறதா என்று தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏரி எங்க?”

“பாக்கலயே.”

“கதைதானே. சும்மா எழுதியிருக்கலாமே.”

“எழுதியிருக்கலாம்,” என்றாள்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தாள்களை அடுக்கினார். ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமமாக்கினார். அது அவ்வளவு நேரம் எடுக்கிற வேலையில்லை.

“அடுத்த வருஷம் நாலு நாளா வெச்சுக்க,” என்றார்.

அடுத்த வருடத்துக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னதை அவள் சொல்லவில்லை. மேசையின் அடியில் காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

“சரிங்க,” என்றாள்.