முட்டைத் தொட்டிக்குச் சாமை வைக்கோல்

போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் என் மகளைக் காணவில்லை. தேடிக் களைத்த பிறகு, ஒரு பழக்கடைக்குப் பின்னால் பூனையோடு பேசிக்கொண்டிருந்தவளைப் பிடித்தேன். கிடைத்துவிட்டாள். ஆனாலும் இன்னமும் அவள் பக்கத்து அறையில் இருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சிவப்புக் கோழிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்போது எனக்கு ஏழு வயது. தம்பிக்கு மூன்று முடியவில்லை. மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்த விரிசல் விட்ட கல்தொட்டியைக் கோழிகள் முட்டையிட ஒதுக்கியிருந்தார்கள். கோழிக்கு இருட்டு வேண்டுமென்று முன்னால் ஒரு சாக்கு தொங்கும். உள்ளே எதைப் பரப்புவது என்பதுதான் வீட்டில் தீராத வழக்கு. அப்பா மணல் கொட்டினார். கோழி கிளறி ஒதுக்கிவிட்டு வெறும் கல்லில் முட்டையிட்டு உடைத்தது. அம்மா நெல் வைக்கோல் போட்டாள். அதில் செள்ளுப் பூச்சி பிடித்து எங்கள் கைகால் வரை ஏறி அரித்தது. நான் என் பங்குக்குக் கரும்புத் தோகையை அடைத்தேன். சிவப்புக் கோழி ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, நேரே வைக்கோல் போரில் ஏறி முட்டையிட்டது.

"கையக் கிழிக்கிற தோவையப் போட்டா எதுடி வந்து உக்காரும்? நீ உக்காருவியா?" என்றாள் அம்மா.

கல்வராயன் மலையில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் சாமை வைக்கோல் ஒரு கட்டு கொண்டுவந்து இறக்கினார்.

"மெத்துனு கீது பாருக்கா. கோழி இன்னா, மச்சானே படுக்கலாம்."

"அப்ப உனுக்குப் பாய் எதுக்கு? ராவுக்குத் தொட்டியிலயே படு," என்றார் அப்பா.

அம்மா ஒரு பிடி எடுத்துத் தம்பியின் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். அவன் சிரித்து, இன்னும் வேண்டுமென்று கன்னத்தைக் காட்டினான். வழக்கு தீர்ந்தது. பரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. முரட்டுத் தாள்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நடுவில் குழி வைத்து, வட்டமாக அமுக்கி வைத்தேன். அவ்வளவு அழகான வேலையை அதற்குமுன் நான் செய்ததில்லை.

மறுநாள் முற்பகலில் தம்பியைக் காணவில்லை. கொல்லைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அவன் இழுத்துத் திரியும் கொட்டாங்குச்சி வண்டி கிணற்று மேட்டில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா வேட்டியோடு குதித்துவிட்டார். மூழ்கினார், வெறுங்கையோடு மேலே வந்தார், மறுபடி மூழ்கினார். மாமா கயிறு விட்டார். அம்மா விளிம்பில் நின்றாள். யாரோ என்னை வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டினார்கள்.

கொட்டகையில் சிவப்புக் கோழி சாக்குக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்து கேறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இந்த வைக்கோல்கூடவா பிடிக்கவில்லை? சாக்கை விலக்கினேன். நான் வைத்த குழியில் சுருண்டு தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

கிணற்றடிக்கு ஓடி முறையிட்டேன்.

"ம்மா, இவன் தொட்டியில படுத்துக்கினு கீறாம்மா! கோழிக்கு முட்ட போட எடமில்ல. வந்து எழுப்பு!"

"எங்கடி? எங்கடி கீறான்?" பதிலுக்கு நிற்காமல் அம்மா ஓடினாள்.

மாமா கிணற்றுக்குள் குனிந்து கத்தினார்: "மச்சான், மேல வா! புள்ள வூட்லதான் கீறான்! தூங்குறானாம்!"

அம்மா அவனைத் தூக்கிய வேகத்தில் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவன் திமிறியும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். என் வைக்கோல் கலைந்துபோனதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. கோழி மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தது.

அப்பா வரவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு போனேன். ஈர வேட்டியோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். நீட்டிய துண்டை அவரால் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது.

"இன்னாப்பா இப்படி நடுங்குற?"

"தண்ணி ரொம்ப ஜில்லுனு கீதும்மா."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் நம்பினேன். இன்னொரு துண்டு எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன்.