எண்ணெய் ஊறட்டும்

அருவிக்குப் போனால் எண்ணெய் தேய்த்துத்தான் குளிக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. மணிமுத்தாறுக்கு மேலே, புலிகள் காப்பகத்துக்குள் காட்டு நடை கூட்டிப்போகிறார்கள், நடை முடிகிற இடத்தில் அருவி இருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே நல்லெண்ணெயை இருமல் மருந்துப் பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டார். சோப்பு, எண்ணெய் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. செக்போஸ்ட்டில் பையைத் துழாவியவரிடம் மருந்து என்று சொல்லி, இருமியும் காட்டினார். எனக்கு மானம் போயிற்று.

முன்னால் கம்போடு வனத்துறை வாட்சர், நடுவில் நான், கடைசியில் இவர். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் பாதையெல்லாம் அட்டை. எனக்குக் காடு என்றாலே பயம். யானை நிற்குமோ, புலி படுத்திருக்குமோ என்று ஒவ்வொரு புதராகப் பார்த்து நடந்தேன். இவரைப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போன இவர், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், உடம்பெல்லாம் எண்ணெய் வடியத் திரும்பி வந்தார்.

"என்னங்க இது கோலம்?"

"அங்கன போய்த் தேய்ச்சா எப்பம் ஊற? நடக்க நடக்க ஊறட்டும்."

வாட்சர் தலையில் அடித்துக்கொண்டார். "துடைங்க அண்ணாச்சி, வாசம் காட்டையே தூக்குது."

இவர் துண்டால் ஒப்புக்கு ஒரு தடவு தடவித் தோளில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் ஏதோ சரசரத்தது. கூடவே புஸ்புஸ்ஸென்று மூச்சு இழுக்கும் சத்தம். திரும்பினேன். இவருக்குப் பின்னால், பாதையின் நடுவில் கரடி.

எங்கள் பக்கம் மலையடிவாரக் கோயில்களில் கரடி புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது புதிதில்லை. காலையில் காபியோடு அந்தச் செய்திகளை வாசித்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். இப்போது அது தேடி வந்தது இவர் உடம்பில் இருந்தது.

"அண்ணாச்சி, அசையாதீய. திரும்பாதீய," என்றார் வாட்சர், உதடு பிரியாமல்.

கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. இவருடைய தலைக்கு மேலே அதன் மூக்கு தெரிந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை. பின்னால் நிற்பது என்னவென்று என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன்.

"ஏட்டி," என்றார் மெல்ல. "நீ பைய போ. திரும்பிப் பாக்காத."

நான் போகவில்லை. தைரியமெல்லாம் இல்லை, கால் எழவில்லை. இவர் இல்லாமல் எப்படி வீட்டுக்குள் நுழைவேன் என்று மட்டும் மனசு ஓடியது.

"துண்டைக் கீழ போடுங்க. பையப் பைய முன்னால வாங்க," என்றார் வாட்சர்.

துண்டு விழுந்தது. பாட்டில் இருந்த பையையும் நழுவவிட்டார். ஓர் அடி வைத்தார். இன்னும் ஓர் அடி. கரடி நான்கு காலில் இறங்கியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். அது துண்டை வாயில் கவ்வி, அங்கேயே உட்கார்ந்து சப்ப ஆரம்பித்தது.

வந்த வழியில் அது இருந்ததால், வாட்சர் வேறொரு சரிவில் எங்களை ஜீப் பாதைக்கு இறக்கினார். இலை உதிர்ந்தால்கூட இவர் கையை இறுக்கினேன். எண்ணெயில் கை வழுக்கியது. வழுக்க வழுக்க மறுபடி பிடித்தேன். அருவியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

கீழே வனத்துறை ஜீப் ஒன்று வந்தது. வாட்சர் கைகாட்டி நிறுத்தினார். டிரைவர் தலையை நீட்டி, "எத்தனை பேரு ஏறணும்க்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டு பேரு," என்று சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டு" என்றதற்கு மேல் வரவில்லை. அந்தப் பாதையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.