புளி போட்டு விளக்கிய பழைய பித்தளை

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஓட்டைக் குடம் ஒன்று ஊரை விட்டு வெளியே போவதென்றால் அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். பித்தளை வெடிகுண்டுக்குப் போய்விடுமென்று அரசாங்கத்துக்குப் பயம். செங்கலடியில் பழைய சாமான் கடை வைத்திருந்த என் புருசன், கிராம சேவகர், பொலிஸ், ஆமி முகாம் என்று நாயாய் அலைந்து ஒரு பாஸ் எடுப்பார். "பழைய, உடைந்த, பாவனைக்கு உதவாத பித்தளை" என்று அதில் எழுதியிருக்கும். எழுதியதற்கு மேல் ஒரு ஆணி ஏறினாலும் லொறியை மறித்துவிடுவார்கள்.

ஒருமுறை பாஸ் கிடைத்து, மறுநாள் காலை லொறி கொழும்புக்குப் புறப்பட இருந்தது. முற்றத்தில் குடமும் செம்பும் வட்டிலும் கரி பிடித்துக் கிடந்தன. எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு செம்பு இரவல் கொடுத்தாலும் விளக்கித்தான் கொடுப்போம், அது எங்கள் வழக்கம். இந்த ஊத்தையோடு அனுப்பினால் மட்டக்களப்புப் பொம்பிளைகளைப் பற்றிக் கொழும்புக்காரன் என்ன நினைப்பான்? உருக்கப்போகிற சாமானுக்கு எதற்குக் குளிப்பாட்டு என்று என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. பழப்புளியும் சாம்பலும் தேங்காய்ப் பொச்சுமாகப் பின்னேரம் முழுக்க இருந்து தேய்த்தேன்.

அவர் வந்து பார்த்தார். "என்ன கா இது, கலியாணத்துக்கா அனுப்புறாய்?"

"உங்களுக்கென்ன தெரியும் மச்சான், சும்மா இரிங்க."

சிரித்துக்கொண்டே ஏற்றி, விடிய லொறியில் தானும் போனார். பாஸில் என்ன எழுதியிருக்கிறதென்று அவருக்கும் நினைவு வரவில்லை. ஆகவே குற்றத்தில் பாதி அவருக்கு.

காலை பத்து மணிக்கு லொறிச் சாரதி யாரோ ஒருவரின் சைக்கிளில் ஓடி வந்தான். "அக்கா, அண்ணனை முகாமில மறிச்சுப்போட்டாங்க. பாஸில பழசு எண்டு இரிக்காம், சாமான் புதுசாம். எங்க வச்சுச் செய்யிற, ஆருக்குச் செய்யிற எண்டு கேக்காங்க."

முகாமுக்குள் போன ஆம்பிளை வெளியே வந்தால்தான் வந்தது. ஐயோ, என் கையாலேயே அவரைத் தேய்த்துக் கொடுத்துவிட்டேனே என்று ஓடினேன்.

சாரதிக்குச் சிங்களம் தெரியும். தேய்த்தவள் இவள்தான் என்று வாசலில் சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனான். மரத்தடியில் அவர் குந்தியிருந்தார், முகம் கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் அந்தக் குடங்கள் வெட்கமில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தன. நான் சொன்னதைச் சாரதி சொல்ல, அதிகாரி நம்பாமல் தலையை ஆட்டினார். பழைய இரும்புக்கடைச் சாமானை எந்த மடைச்சி கழுவுவாள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. பெரிய குடத்தைத் தூக்கி அவர்களுடைய தண்ணீர்ப் பீப்பாயில் முக்கி, அதிகாரிக்கு முன்னால் பிடித்தேன். மூன்று பக்கத்தாலும் தண்ணீர் பீறிட்டு அவர் காலிலிருந்த சப்பாத்தை நனைத்தது. "இதையா ஐயா புதுசாச் செய்வாங்க? கேளு தம்பி அவரிட்ட!" அடுத்த குடத்தையும் முக்கப் போனேன்.

அதிகாரி சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பாஸின் அடியில் ஏதோ எழுதி நாலாவது கையெழுத்தையும் போட்டார். "கழுவியது" என்று எழுதியிருப்பதாகச் சாரதி வாசித்துச் சொன்னான்.

என் புருசனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "மறுகா விளக்குவியா?" என்று அவருக்குப் பகிடி வேறு.

"வாயப் பொத்திட்டு நடங்க." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

உள்ளே ஓடுகிற அவசரத்தில் நான் பார்க்கவில்லை, வாசல் வேலியோரம் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். மடியில் பொலித்தீன் பைகளுக்குள் படங்கள். உள்ளே போன மகன்மாரின் படங்கள், புருசன்மாரின் படங்கள். ஒருத்தி எழும்பி வந்தாள்.

"தங்கச்சி, உன்ட மனிசன விட்டுட்டாங்களே. உள்ளுக்குப் போய் என்ன கா சொன்னாய்? எனக்கும் சொல்லித் தா."

அவள் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவருடைய கையை விட்டேன்.