ஸ்கெலட்டனில் வாங்கிய கையெழுத்து

செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். குற்ற வழக்கில் சிக்கி, நீதிமன்றம் வழியாக மனநல வார்டுக்கு வந்து, குணமான பிறகும் வீட்டுக்குப் போக வழியில்லாமல் கிடப்பவர்களைப் பற்றித்தான் என் ஆய்வு. அவர்களில் ஒருவன் என் ஊர்க்காரன், கோலார் தங்க வயல். புத்தி கலங்கியிருந்த நேரத்தில் சொந்த அண்ணனையே அடித்துக் கொன்றவன். இப்போது தெளிந்துவிட்டான். வீட்டார் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் வெளியே விடுவார்கள்.

"எங்கம்மா போடும்க்கா, நீங்க போய்க் கேளுங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

ஊர்க்காரி என்ற திமிரோடு போனேன். ரயிலில் பங்காருபேட்டையில் இறங்கி பஸ் பிடித்து, ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். பேட்டிக்குச் சம்மதம் வாங்காமல் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது என்பது ஆய்வு விதி.

"உங்க பையன் விஷயமா வந்திருக்கேம்மா. மொதல்ல இதுல ஒரு கையெழுத்து" என்று பேட்டிக்கான சம்மதப் படிவத்தை நீட்டினேன். படித்துக் காட்டுவதற்குள் அந்த அம்மா போட்டுவிட்டார். பிறகு கேட்டார்.

"பாடிய எப்பம்மா குடுப்பீங்க?"

அவர் என்ன நினைத்துவிட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. சுரங்கம் ஓடிய காலத்தில், ஃபைலோடு ஆள் வந்து கையெழுத்துக் கேட்டால் ஷிஃப்டுக்குப் போனவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். இந்த அம்மாவும் தன் கணவர் செத்தபோது அப்படித்தான் போட்டிருக்கிறார். லைன் வீட்டில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? படித்த படிப்பு மறக்கடித்திருந்தது.

"ஐயோ, இல்லம்மா. நல்லா இருக்காரு. குணமாயிட்டாரு. உங்களத்தான் கேக்கறாரு."

அவர் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். புடவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லப்பட்ட மூத்த மகனின் மனைவி. அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"பாடின்னா வாங்கி அவங்கப்பா பக்கத்துல பொதச்சிடுவேன். உயிரோட வந்தா எங்கேம்மா வெக்கறது? இருக்கறது ஒரே ரூமு. அந்தாண்ட இருக்கறவ மூஞ்சிக்கு நான் இன்னா பதில் சொல்றது? நீயே சொல்லும்மா."

 அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கொண்டுபோன கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் எழுந்து வந்தேன்.

திங்கட்கிழமை வார்டுக் கதவருகிலேயே அவன் நின்றிருந்தான்.

"எங்கம்மா கையெழுத்து போட்டுச்சாக்கா?"

"போட்டாங்க" என்று வாய் முந்திக்கொண்டது. பொய் இல்லை, அதுதான் கொடுமை. எதற்குப் போட்டார் என்று சொல்லத் தொடங்குவதற்குள் உள்ளே ஓடிவிட்டான். பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.