மூன்றாம் நாள் உபயம் யாருடையது?

போன ஞாயிறு காலை, கோலா கிளாவாங் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபம். திருவிழாவில் எந்த நாள் செலவு எந்தக் குடும்பத்தின் உபயம் என்ற பட்டியலை, நான் எழுதிய புரோகிராம் திரையில் காட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது.

காட்டியது... பத்து நாளும் காலி!

போர்டிக்சனிலிருந்து வந்திருந்த அஞ்சலை அக்காவுக்கு முகமே செத்துப்போனது. "தம்பி, மூணாம் நாளு எங்க தாத்தா காலத்துலேருந்து எங்களோடது லா! காலின்னு வேற ஆளுக்குக் குடுத்துட்டா?"

கோயில் தலைவரோ, நாள் கேட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியலைக் கையில் எடுத்துவிட்டார்.

வீட்டில் நன்றாக ஓடியதே! செண்டாயானில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் கவிதாவுக்குப் போன் போட்டு, எழுதியதை அனுப்பினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம ஆளுங்க பேசற மாதிரியே எழுதி வச்சிருக்கீங்கண்ணே!"

உண்மைதான். எங்கள் தோட்டத்தில் 'நீங்க எந்தக் குடும்பம்?' என்றால் 'மூணாம் நாள் உபயக்காரங்க' என்பார்கள். 'மூணாம் நாள் யாருது?' என்றால் 'எங்க குடும்பத்துது!' நானும் குடும்பத்துக்கு ஒரு ஃபைல், உபயத்துக்கு ஒரு ஃபைல் போட்டு, ஒன்றை ஒன்று கேட்க விட்டிருந்தேன்.

கோயில் சர்வர் முதலில் உபய ஃபைலைத் திறக்கிறது. அது முதல் வரியிலேயே குடும்ப ஃபைலைக் கூப்பிடுகிறது. அதுவோ திரும்ப உபயத்தையே கேட்கிறது. விடிய விடியச் சுற்ற வேண்டியதுதானே? இல்லை! புரோகிராமை ஓட்டும் நோட் ஜேஎஸ் என்ன செய்கிறது தெரியுமா — உபய ஃபைலில் அதுவரை தயாரானதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலையைத் தொடர்கிறது. அதுவரை தயாரானது? ஒன்றுமே இல்லை. அந்தக் காலியை வாங்கி வைத்துக்கொண்ட குடும்ப ஃபைல், கடைசிவரை அதையே காட்டியது. வீட்டில் நான் குடும்ப ஃபைலிலிருந்து தொடங்கியதால், உபய ஃபைல் முழுதாகத் தயாரான பிறகே அதன் கைக்கு வந்தது; தப்பித்திருக்கிறேன்.

அந்தப் பதற்றத்திலும் அசந்துபோனேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை, இருப்பதைக் கொடுத்து நகர்கிறதே! இதை யோசித்த புண்ணியவானைக் கும்பிடத் தோன்றியது.

"யாரையும் கேக்காத மூணாவது ஃபைல் ஒண்ணு போடுங்க" என்றாள் கவிதா. "நாள மொதல்ல எத வச்சுப் பிரிச்சாங்க?"

அஞ்சலை அக்காவிடம் கேட்டேன்.

"லயத்த வச்சுதான் தம்பி. மூணாவது லயத்துல இருந்தவங்களுக்கு மூணாம் நாளு."

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகளின் பெயரிலேயே 'லயம்' என்று புது ஃபைல் போட்டேன். எந்த லயத்துக்கு எந்த நாள், அங்கே யார் யார் இருந்தார்கள் — அவ்வளவுதான். மற்ற இரண்டும் இனி அதை மட்டும் கேட்கும். பதினொன்றே முக்காலுக்குத் திரையில் மூன்றாம் நாள், அக்கா குடும்பத்தின் பெயரோடு வந்தது. அக்கா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பட்டியலை அச்சுக்கு அனுப்பினேன்.

லயங்களை இடித்து, எண்ணெய்க்கான செம்பனை மரம் நட்டு எத்தனையோ வருடமாயிற்று. இப்போது அவை எங்கள் சர்வரில் குடியிருக்கின்றன... யாரையும் எதுவும் கேட்காமல்!