துண்டுக்குள் நடுங்கிய விரல்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகர் மிளகாய் வத்தல் பேட்டையில் வியாபாரிகளான நாங்கள் கையைத் துண்டால் மூடி, விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவோம். ஒரு தரகரின் விரல்கள் நடுங்க, விலை தாறுமாறாக ஏறுகிறதென்று பதறிக் கையை உருவிக்கொண்டேன். வேட்டி அவிழாததுதான் பாக்கி.

“பயப்படாதீக, வெல ஏறலை. மூளையில வியாதி,” என்றார்.

கூட வந்திருந்த அவர் மனைவி பக்கத்தில் அமர்ந்து அவருக்குக் காப்பி புகட்டினார். படிப்பை நிறுத்திய மகள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறாளாம்.

“மருந்து இல்லையா அண்ணாச்சி?”

“இனிமேத்தான் கண்டுபிடிக்கணுமாம். பள்ளிக்கூடத்துக்கு மூடைக்கு இம்புட்டுன்னு மகமை எடுக்கோம்லா, இந்த மருந்தைத் தேடுறவுகளுக்கும் எடுத்தா என்ன?”

“உங்க காலத்துக்குள்ள கிடைக்குமா?”

“பள்ளிக்கூடம் கட்டுனவுக எல்லாம் அதுல படிச்சவுகளா?”

அடுத்த வியாபாரிகள் கூட்டத்தில் மருந்துக்கும் மகமை எடுத்தால் என்ன என்று நானே எழுந்து கேட்டேன். வழக்கம்போல் வேடிக்கை பேசுகிறேன் என்று எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த அந்தத் தரகர் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.