கண்ணாடி ஆட்டுக்குட்டி

பஸ்ஸில் இடம் பிடிக்க எல்லாரும் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். என் சித்தப்பாவிடம் அன்று துண்டு இல்லை, என்னைப் போட்டார். ஒன்பது வயதில் நானும் ஏறக்குறைய துண்டின் கனம்தான். அவனியாபுரம் பஸ்ஸில், பெண்கள் பக்கத்து இருக்கையில் தலைகீழாக விழுந்து, நிமிர்ந்து, பாவாடையைச் சரிசெய்தபோது அதே ஜன்னல் வழியாக ஒரு செருப்புப் பெட்டி வந்தது.

"மடியில வச்சுக்க. அசைக்காத. உள்ள என்னன்னு யாரு கேட்டாலும் வாயத் தெறக்காத" என்றார். என் வாயைப் பற்றித் தெருவுக்கே தெரியும். சித்தப்பாவுக்கு மட்டும் எப்படியோ நம்பிக்கை இருந்தது. சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டார்.

பெட்டிக்குள் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. கண்ணாடி ஆட்டுக்குட்டி.

சித்தப்பாவுக்குக் கோரிப்பாளையத்தில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலை. பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கு வேண்டிய குழாய்களை நெருப்பில் காட்டி வளைப்பார், ஊதுவார். "ஊதுறதுதான் ஊதுற, நாயனம் ஊதியிருந்தா நாலு கல்யாணத்துல சாப்பாடாவது கெடச்சிருக்கும்" என்பார் அப்பா. சித்தப்பா பதில் பேச மாட்டார். ஆனால் ஒருநாள் உடைந்த குழாய்த் துண்டுகளை உருக்கி, நாயனம் வாசிக்கும் ஒரு குட்டி மனிதரைச் செய்து கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். அப்பாவின் தொப்பை அதில் அச்சு அசலாக இருந்தது. சித்தப்பா பேசுவதெல்லாம் அப்படித்தான்.

பட்டறைக்கு ஒரு அக்கா வருவார். அவனியாபுரத்துக்காரர், ஒரு பெண்கள் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். திரவம் உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட் உடைந்தால் புதிது வாங்க வருவார். உலகத்திலேயே அந்தப் பள்ளியில்தான் பிப்பெட்டுகள் அதிகமாக உடைந்தன. ஒருமுறை, தன் வீட்டு ஆட்டுக்குட்டி முருங்கை இலைக்காக இரண்டு காலில் எட்டி நிற்பதை அவர் நடித்துக் காட்டினார். சித்தப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குழாய் தானாகவே வளைந்துபோனது.

பஸ் ஏறிய அன்று எனக்குப் பள்ளி விடுமுறை, பட்டறையில்தான் கிடந்தேன். காலையில் அந்த அக்கா வந்தார். கையில் உடைந்த பிப்பெட் எதுவும் இல்லை. வாசலிலேயே நின்று, சன்னமாக ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். பிறகு நெருப்பைப் பற்றவைத்தார்.

மதியத்துக்குள் ஆட்டுக்குட்டி பிறந்துவிட்டது. சாண் உயரம். பின்னங்கால் இரண்டில் நின்று, கழுத்தை நீட்டி, அங்கே இல்லாத ஒரு கிளைக்கு எட்டிக்கொண்டிருந்தது. அதைச் சூடான சாம்பலில் புதைத்தார். கண்ணாடி ராத்திரி முழுக்கச் சாம்பலில் கிடந்து ஆற வேண்டும், வெளியே ஆறின மாதிரி தெரியும், உள்ளே ஆறியிருக்காது என்று எனக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். அவரே சாயங்காலத்துக்குள் தோண்டி எடுத்து, வைக்கோல் பரப்பிப் பெட்டியில் படுக்கவைத்துவிட்டார்.

பஸ் கிளம்பியது. பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "என்ன பாப்பா பொட்டியில?"

பேசாமல் இருந்திருக்கலாம். "கோழிக்குஞ்சு" என்றேன்.

"குஞ்சா? இப்படி மூடி அமுக்கி வச்சிருக்க! ரெண்டு ஓட்டை போட வேணாமா? செத்துரும்டி!" சொல்லிக்கொண்டே கொண்டையிலிருந்து ஊசியை உருவினார்.

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டேன். "வேணாம் பெரியம்மா. இது காத்து ஆகாத குஞ்சு."

"காத்து ஆகாத குஞ்சா! ஏ, இந்தக் கூத்தக் கேளுங்க!"

கேட்டார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். கண்டக்டரும் வந்துவிட்டார். "உசுருள்ள சாமானுக்கு லக்கேஜ் போடணும். எங்க, தெறந்து காட்டு." எனக்கு உள்ளங்கை வேர்த்து, பெட்டியின் அட்டை நமுத்துப்போனது.

அப்போது பஸ் ஒரு நிறுத்தத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. குலுக்கல் இல்லை, இடி இல்லை. பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ணிங்.

"கேட்டியா! மூச்சு முட்டிக் கத்துது பாரு!" என்றார் கீரைக்கட்டு அம்மா.

"சரி சரி, பாவம், சீக்கிரம் கொண்டு போ" என்று கண்டக்டர் நகர்ந்துவிட்டார்.

நான் அசைக்கவில்லை. பஸ்கூட அசையவில்லை. ஆனால் நான் சொன்னால் நம்ப எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. என் பழைய சரித்திரம் அப்படி.

இறங்கியதும் சித்தப்பா தலையைச் சீவிக்கொண்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார். நான் செருப்பு அறுந்தவள்போலப் பின்னாலேயே இழுத்து இழுத்து நடந்தேன். அந்த அக்கா வீட்டுத் தெருமுனையில், விளக்குக் கம்பத்தடியில் நின்று மூடியைத் திறந்தார். பின்னங்கால் ஒன்று தனியாகக் கிடந்தது.

"நான் இல்ல சித்தப்பா! அதுவாத்தான் உடைஞ்சுச்சு! சத்தியமா!"

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ இல்ல தாயி. உள்ள ஆறல. நாந்தான் பொறுக்கமாட்டாம எடுத்துட்டேன்."

நான் இல்லை! அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! அங்கேயே ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினேன். "வேற செஞ்சு, நல்லா ஆற வச்சு, நாளைக்குக் குடுப்போம் சித்தப்பா."

அவர் அந்த வீட்டைப் பார்த்தார். வாசலில் ஒரு கார். படியெல்லாம் செருப்புகள். உள்ளே அந்த அக்கா பட்டுச்சேலையில், தலை குனிந்தபடி தட்டோடு போவது தெரிந்தது.

"கேசரி வாசன வருது. உள்ள போவோமா?" என்றேன்.

"விருந்தாளுக வந்திருக்காங்க. வா, போவோம்."

கேசரி போன கோபம் எனக்கு. திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். கூட்டம் இல்லை. சித்தப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். டிக்கெட் கிழித்த கண்டக்டர் குனிந்து, "என்ன பாப்பா, கோழிக்குஞ்சு எப்படி இருக்கு?" என்றார்.

போச்சு. பொய் மாட்டிக்கொண்டது. சித்தப்பா என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"செத்துப்போச்சுண்ணே" என்றார்.

"அடடா! அந்தம்மா அப்பவே சொன்னுச்சுல்ல, காத்து விடுன்னு."

"ஆமாண்ணே."

சித்தப்பா இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பில்லை, கண் சிமிட்டல் இல்லை. குஞ்சைப் பறிகொடுத்தவரின் முகமே அப்படியே வந்திருந்தது. எல்லாம் எனக்காக! பெருமை தாங்காமல் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல், பஸ் ஸ்டாண்டு வரும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

கண்டக்டர் பாவம், நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். இறங்கும்போது என் தலையைத் தொட்டு, "அழுவாத பாப்பா, இவரு வேற குஞ்சு வாங்கித் தருவாரு" என்றார்.

அதற்கு நான் இன்னும் அதிகமாகச் சிரித்தேன்.